முகம் ஒத்துப்போகிறது என்று வந்த நோட்டீஸ்

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். என் தம்பி குட்டி யானை வண்டி வைத்து இளநீர் லோடு அடிக்கிறான். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு எஸ்.ஐ. போன் செய்தார். அங்கே காலை ஆறே முக்காலுக்கு நடந்த செயின் பறிப்பில், கேமராவில் விழுந்த முகம் இவனோடு 86 சதவீதம் ஒத்துப்போவதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறதாம், வந்து விளக்கம் கொடு என்றார். வாட்ஸாப்பில் ஒரு நோட்டீஸும் வந்தது. அதில் பி.என்.எஸ். 304 என்று போட்டிருக்கிறது. அன்று காலை அவன் திருச்சூர் மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். 2023ல் பொள்ளாச்சியில் ஒரு கைகலப்பு வழக்கில் அவனைப் பிடித்துப் போட்டோவும் கைரேகையும் எடுத்திருந்தார்கள். அது கோர்ட்டில் ராஜியாகி முடிந்துவிட்டது. என் மகள் போனில் ஒரு ஏ.ஐ. செயலியிடம் கேட்டாள். 304 என்றால் மரணம் விளைவித்த குற்றம், ஆயுள் தண்டனை வரை போகும் என்றது. மூன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளோடு முன்ஜாமீன் மனுவும் எழுதிக் கொடுத்தது. வீட்டில் யாரும் தூங்கவில்லை. தம்பி போகலாமா? கம்ப்யூட்டர் சொன்னதை வைத்துக் கைது செய்ய முடியுமா? அந்த மனுவை வக்கீலிடம் கொடுக்கலாமா? இன்னொன்று, எங்கள் சித்தி வேறொரு வழக்கில் சித்தூர் கோர்ட்டில் சாட்சி சொல்லவேண்டும். அங்கே இப்போது மிஷினே டைப் அடிக்கிறதாமே, அவளுக்குத் தமிழ்தான் வரும்.

பதில்:

முதலில் 304. யாரும் சாகவில்லை, பயப்படாதீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 304 என்பது கொலையாகாத மரணம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது நோட்டீஸில் இருக்கும் பி.என்.எஸ்., வந்துவிட்டது. அதில் 304 என்பது பறிப்பு. திடீரென்றோ பலவந்தமாகவோ ஒருவரிடமிருந்து பொருளைப் பிடுங்கிக்கொண்டு போவது. அதிகபட்ச தண்டனை 3 ஆண்டு, கூட அபராதம். உங்கள் மகள் கேட்ட செயலி பழைய புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டுப் புதுப் பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி. பல பத்தாண்டு காலத் தீர்ப்புகளும் கட்டுரைகளும் பழைய எண்களில்தான் இருக்கின்றன, அது படித்ததும் அதைத்தான். இந்தக் குழப்பம் 304-க்கு மட்டும் இல்லை. 482 என்ற எண்ணைப் பாருங்கள். பழைய நடைமுறைச் சட்டத்தில் அது வழக்கை ரத்து செய்யக் கோரி ஹைகோர்ட்டுக்குப் போகும் பிரிவு. புதிய சட்டத்தில், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், அதே 482 முன்ஜாமீன். ரத்து கோருவது இப்போது 528. எந்த எண்ணைக் கேட்டாலும் எந்தச் சட்டத்தின் எண் என்று கூடவே கேளுங்கள்.

நோட்டீஸில் 304 மட்டும்தானா, 309-ம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள். 309 என்பது கொள்ளை, 10 ஆண்டு வரை போகும். 7 ஆண்டுக்கு உட்பட்ட குற்றமென்றால், கைது ஏன் அவசியம் என்பதற்குப் போலீஸ் எழுத்தில் காரணம் காட்டவேண்டும். அதனால்தான் கைதுக்குப் பதிலாக நோட்டீஸ் என்ற வழியே இருக்கிறது. 309 சேர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு மெலிந்துபோகும். முன்ஜாமீனைத் தள்ளிப்போடக் கூடாது.

இதையெல்லாம் விட அவசரமான வேலை ஒன்று திருச்சூரில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதம் வந்த அன்றே இந்தப் பகுதி மட்டும் உங்களுக்குத் தனியாக அனுப்பப்பட்டது. மார்க்கெட் கடைகளில் இருக்கும் கேமராப் பெட்டியில் பெரும்பாலும் 1 டெராபைட் டிஸ்க்தான் இருக்கும். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமரா என்றால் கிட்டத்தட்ட 86 ஜிபி. பதினோரு, பன்னிரண்டு நாளில் டிஸ்க் நிறைந்து பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். யாரும் அழிக்க வேண்டியதே இல்லை, தானாகப் போய்விடும். உங்கள் தம்பியை அன்று காலை ஆறே முக்காலுக்குத் திருச்சூரில் காட்டக்கூடிய ஒரே கண்ணும் அத்தோடு மூடிக்கொள்ளும். வக்கீலைப் பார்ப்பது நாளைக்கு என்றாலும் இது இன்றைக்கு.

போய் எப்படி எடுப்பது? கடைக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஒரு துண்டுத் தாளில் தேதி, நேரம், எந்தக் கேமரா என்று எழுதிக் கொடுத்து, நகலில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் ஓடுவதை மொபைலில் படம்பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வாட்ஸாப் வீடியோவைச் சுருக்கிவிடும். மூலக் கோப்பும் அதுவும் ஒன்றில்லை என்று எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தூக்கி எறியும். பெட்டியிலிருந்து நேராகப் பென் டிரைவுக்கு, அந்தப் பெட்டி எந்த வடிவத்தில் சேமிக்கிறதோ அதே வடிவத்தில் ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள். சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து எடுங்கள். கூடவே ஒரு சின்ன வேலை, இதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள்: கேமராப் பெட்டியின் திரையில் இப்போது காட்டும் மணியையும், உங்கள் மொபைல் காட்டும் மணியையும் ஒரே படத்தில் வரும்படி போட்டோ எடுங்கள். பல பெட்டிகளில் கடிகாரம் பத்து இருபது நிமிடம் தப்பாக ஓடும், சிலவற்றில் தேதியே தப்பு. பிற்பாடு விசாரணையில் "உங்கள் பதிவில் 7.05 என்றல்லவா இருக்கிறது" என்று வரும்போது, அந்த ஒரு போட்டோதான் கைகொடுக்கும்.

அந்தப் பதிவு கோர்ட்டில் ஏற வேண்டுமானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அது இரண்டு பகுதி. முதல் பகுதியில் அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதாவது கடைக்காரர், கையெழுத்துப் போடவேண்டும். இரண்டாவது பகுதியில் ஒரு நிபுணர். கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் எழுதவேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரு நொடிக் காட்சி மாறினாலும் எண் மாறிவிடும். இந்தச் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவு செல்லாது என்று உறுதியாகச் சொன்ன 2014 தீர்ப்பே உங்கள் பக்கத்திலிருந்து, ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்கிலிருந்து போனதுதான். 2020ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதையே மறுபடி உறுதிசெய்தது. கடைக்காரர் இன்றைக்கே சான்றிதழ் தரவேண்டும் என்பதில்லை. அவர் பெயரும் நம்பரும் இருந்தால் வக்கீல் பார்த்துக்கொள்வார். பதிவு மட்டும் இன்றைக்கே வேண்டும்.

வேறு என்னென்ன? பன்னியங்கரை டோலில் ஃபாஸ்டாக் கழிந்த நேரம், பாங்க் செயலியிலேயே எடுக்கலாம். டீக்கடையில் ஜிபே செய்த பதிவு. லோடு இறக்கிய சீட்டு, எடைச் சீட்டு, டீசல் பில். கூகுள் டைம்லைன் போட்டு வைத்திருந்தால் அது இப்போது போனுக்குள்ளேயேதான் இருக்கிறது. போனைப் போலீஸ் வாங்கிவிட்டால் கிடைக்காது, இப்போதே ஏற்றுமதி செய்து வையுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஃபாஸ்டாக் வண்டியைத்தான் காட்டும், ஓட்டியது யார் என்று காட்டாது. ஜிபே போனைத்தான் காட்டும். "வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நீ இங்கே வந்தாய்" என்று ஒரு வரியில் உடைத்துவிடலாம். ஆளின் முகமோ நடையோ தெரியும் கேமராப் பதிவு ஒன்று, அதைச் சுற்றி மற்றவை என்று அடுக்கினால்தான் நிற்கும். போன் டவர் விவரம் கம்பெனியிடம் இரண்டு ஆண்டாவது இருக்கும், அதற்கு அவசரமில்லை; தேவைப்பட்டால் கோர்ட் மூலம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ம் பிரிவில் வரவழைக்கலாம்.

இனி அந்த 86 சதவீதம்.

தமிழ்நாடு போலீஸ் 2021 அக்டோபரிலிருந்து முகம் அறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் கொல்கத்தா மையம் செய்து கொடுத்தது. முன்பு பிடிபட்டவர்களின் படங்கள் அதற்குள் இருக்கும். கேமராவில் கிடைத்த முகத்தை அது ஒரு எண் வரிசையாக மாற்றி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு படத்தின் எண் வரிசையோடும் ஒப்பிட்டு, நெருக்கமாக இருப்பவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்கும். 86 என்பது அந்த நெருக்கத்துக்கு அது போடும் மார்க். "இது இவன்தான் என்பதற்கு நூற்றுக்கு 86 வாய்ப்பு" என்று அர்த்தமே இல்லை. வேறொரு மென்பொருளில் அதே இரண்டு படத்துக்கு 61 வரலாம், 93-ம் வரலாம். எத்தனைக்கு மேல் வந்தால் பொருத்தம் என்பதை அந்தந்தத் துறையே வைத்துக்கொள்கிறது. டெல்லி போலீஸ் 2022ல் ஒரு தகவல் உரிமைக் கேள்விக்கு 80-க்கு மேல் வந்தால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாகப் பதில் சொன்னது. ஏன் 80, ஏன் 90 இல்லை என்பதற்குச் சட்டத்தில் எங்கும் விடை கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பேரில் ஒருவரைத்தான் தப்பாக ஒத்துப்போகச் சொல்லும் நல்ல மென்பொருள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே 5 லட்சம் படம் இருந்தால், சம்பந்தமே இல்லாத 50 பேர் ஒத்துப்போவார்கள். இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. உண்மையில் பறித்தவன் இதுவரை போலீஸில் சிக்காதவனாக இருந்தால் அவன் படமே உள்ளே இல்லை. அப்போதும் பட்டியலின் முதலிடம் காலியாக இருக்காது. உள்ளே இருப்பவர்களில் யார் அவன் சாயலோ அவர் தலையில் விழும். உங்கள் தம்பி அந்தப் பட்டியலில் இருப்பதற்கு ஒரே காரணம் 2023ல் பொள்ளாச்சியில் எடுத்த போட்டோதான். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு 2019ல் 189 மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் தவறான பொருத்தம் வெள்ளையர் முகங்களைவிடப் பத்திலிருந்து நூறு மடங்கு வரை கூடுதலாக வந்ததைப் பல மென்பொருள்களில் கண்டது. எல்லா மென்பொருளும் அப்படியில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் இங்கே ஓடுவது எந்த ரகம் என்று கேட்கும் உரிமை உங்கள் வக்கீலுக்கு உண்டு.

ஆக, அந்த முடிவு ஒரு துப்பு. யாரோ ஒருவர் போன் போட்டு "அந்தப் பையனைப் பாருங்க சார்" என்று சொன்னதற்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு. அதை வைத்து விசாரிக்கலாம், கூப்பிடலாம். குற்றத்தை நிரூபிக்க அது போதாது. நிபுணர் கருத்து என்று சாக்ஷ்ய அதினியத்தின் 39-ம் பிரிவின் கீழ் ஏற வேண்டுமானால், கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். மென்பொருள் கூண்டில் ஏறாது. பெரும்பாலும் குற்றப்பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. "ரகசியத் தகவலின் பேரில்" என்று முடித்துவிடுவார்கள்.

அப்படியானால் ஆபத்து எங்கே? அடுத்த படியில். மென்பொருள் கொடுத்த படத்தை நகையைப் பறிகொடுத்த அம்மாவிடம் காட்டி, "இவன்தானா பாருங்க" என்று கேட்கும் இடத்தில். மென்பொருள் எடுத்துக் கொடுப்பதே பறித்தவனின் சாயல் உள்ள முகத்தைத்தான். இரண்டு விநாடி மட்டும் பார்த்த அவருக்கு அந்தச் சாயல் போதும். ஆமாம் என்பார், பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்வார். அந்த நிமிடத்திலிருந்து அவர் மனதில் இருப்பது உங்கள் தம்பியின் முகம். பிறகு ஜெயிலில் அடையாள அணிவகுப்பு வைத்தால் அவர் அடையாளம் காட்டுவது போட்டோவில் பார்த்த முகத்தைத்தான். டெட்ராய்ட்டில் 2020 ஜனவரியில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் கைக்கடிகாரத் திருட்டில் மனைவி மக்கள் கண்ணெதிரே கைதானது இப்படித்தான். மங்கலான கடை வீடியோ, பழைய ஓட்டுநர் உரிமப் படம், பிறகு பலர் படங்களை வரிசையாகக் காட்டி அடையாளம் கேட்கும் படவரிசை. அதிலும் படவரிசையில் அவரைக் காட்டியவர் திருடனை நேரில் பார்த்தவரே இல்லை, வீடியோவை மட்டும் பார்த்தவர். 2024ல் அந்த வழக்கு சமரசமானபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்யக் கூடாது, அதைத் தொடர்ந்து வேறு ஆதாரமின்றி நேராகப் படவரிசையும் காட்டக் கூடாது என்று அந்த ஊர் போலீஸ் ஒப்புக்கொண்டது. இங்கே அப்படி ஒரு விதி இன்னும் எழுதப்படவில்லை. அதனால் வக்கீல்தான் எழுதி வைக்க வேண்டும்.

என்ன எழுதுவது? தம்பி ஸ்டேஷனுக்குப் போகும்போது வராந்தாவில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாராவது வந்து எட்டிப் பார்த்தார்களா, யாராவது மொபைலில் அவனைப் படமெடுத்தார்களா என்று வெளியே வந்தவுடன் தேதி, மணியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒருவேளை கைதானால், முதல் ரிமாண்டு அன்றே மாஜிஸ்திரேட்டிடம் மூன்று விஷயத்தைப் பதிவு செய்யச் சொல்லவேண்டும்: அடையாள அணிவகுப்பு முடியும்வரை முகத்தை மூடிக் கூட்டிவர வேண்டும், சாட்சிக்கு ஏற்கனவே படம் காட்டப்பட்டதா என்று போலீஸ் சொல்லவேண்டும், கேமராவின் மூலப் பதிவையும் மென்பொருள் கொடுத்த முழுப் பட்டியலையும் பாதுகாக்க வேண்டும். பட்டியலில் இவன் முதல் ஆளா, ஏழாவது ஆளா என்பதே பாதி வழக்கு. கேமராப் படத்தை ஏ.ஐ. கொண்டு "தெளிவாக்கி" பிறகு தேடினார்களா என்றும் கேட்கவேண்டும். தெளிவாக்கும் மென்பொருள் இல்லாத மூக்கையும் கண்ணையும் தானாக வரைந்து நிரப்பும். அது புகைப்படம் இல்லை, ஓவியம்.

போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகவேண்டும், ஆனால் போன் பேச்சை நம்பி இல்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸை, அதாவது கைதுக்குப் பதிலாகக் கொடுக்கும் நோட்டீஸை, வாட்ஸாப்பில் அனுப்புவது முறையான சார்வு (சட்டப்படி ஆளிடம் சேர்ப்பது) ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் சொன்னது; ஜூலையில் அதை மாற்றக் கேட்டபோதும் மறுத்துவிட்டது. அதைக் காட்டி வீட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். "நோட்டீஸ் அனுப்பினோம், ஆஜராகவில்லை, தலைமறைவு" என்று எழுத ஒரு வரி போதும். முதலில் அந்த எஸ்.ஐ.யின் நம்பர் நிஜமா என்று பாருங்கள். ஸ்டேஷனின் லேண்ட்லைன் நம்பரைத் தமிழ்நாடு போலீஸ் தளத்திலிருந்து நீங்களே எடுத்துப் போட்டுக் கேளுங்கள். போலீஸ் வேஷம் போட்டுப் பணம் பறிக்கும் கும்பல் இப்போது ஏராளம். கோழிக்கோட்டில் 2023லேயே நண்பரின் முகத்தையும் குரலையும் ஏ.ஐ.யால் செய்து வீடியோ காலில் வந்து 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். "வழக்கை முடிக்க" என்று பணப் பேச்சு வந்தால் அது போலீஸே இல்லை என்று வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.

ஸ்டேஷன் நிஜம் என்றால், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் இப்படி ஒரு கடிதம் போகட்டும்:

"வாட்ஸாப்பில் வந்த நோட்டீஸைப் பார்த்தேன். விசாரணைக்கு முழுமையாக ஒத்துழைக்கிறேன். குற்ற எண், சட்டப் பிரிவு, விசாரணை அதிகாரியின் பெயர், பதவி ஆகியவற்றுடன் முறையான நோட்டீஸை என் முகவரிக்குச் சார்வு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு, என் வழக்கறிஞருடன் ஆஜராகத் தயாராக இருக்கிறேன். சம்பவ நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்ததற்கான கேமராப் பதிவுகளின் நகல் அப்போது ஒப்படைக்கப்படும். அவற்றின் மூலங்களைச் சம்பந்தப்பட்ட கடைகளிலிருந்து உடனே கைப்பற்றிப் பாதுகாக்கக் கோருகிறேன்."

கடைசி வரி முக்கியம். அதைப் படித்தபின் போலீஸ் அந்தப் பதிவை எடுக்காமல் விட்டால், அது அவர்கள் பக்கத்துக் குறையாகிவிடும். வேறு இடத்தில் இருந்தேன் என்பதை விசாரணை வரை மறைத்து வைத்துக் கடைசியில் எடுப்பது சினிமாவில் நன்றாக இருக்கும். கோர்ட்டில் "பிற்பாடு ஜோடித்தது" என்று போய்விடும். எல்லாம் நகலாகக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், மூலம் உங்களிடம் இருக்கட்டும்.

நோட்டீஸ் 35(3) தானா, சாட்சியாகக் கூப்பிடும் 179 ஆ என்றும் பாருங்கள், இரண்டும் வேறு (இந்தப் பத்தியில் வரும் எண்கள் எல்லாம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான்). ஸ்டேஷனில் கேட்டால் பேர், ஊர், தொழில், அன்று எங்கே இருந்தான் என்பதைச் சொல்லலாம். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டமே, பிரிவு 181. வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். கைதானவர் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க 38-ம் பிரிவு உரிமை தருகிறது, முழு நேரமும் பக்கத்தில் உட்கார இல்லை. வக்கீல் வாசலில் இருந்தாலே பேச்சின் தொனி மாறும். போன் லாக்கைத் திறக்கச் சொன்னால் வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லட்டும், அந்த விஷயத்தில் கோர்ட்டுகள் ஒரே குரலில் பேசவில்லை. குரல் மாதிரி கேட்டால் அது மாஜிஸ்திரேட் உத்தரவில்தான், 349-ம் பிரிவில்.

முன்ஜாமீன் பாலக்காட்டிலா, கோயம்புத்தூரிலா? வேறு மாநில வழக்குக்கு இருக்கும் ஊரிலேயே குறுகிய காலப் பாதுகாப்பு வாங்கலாம் என்று 2023 நவம்பரில் பிரியா இந்தோரியா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் வழக்கு நடக்கும் கோர்ட்டுக்கு உடனே போக முடியாத காரணத்தைக் காட்டவேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். "போக முடியவில்லை" என்றால் நீதிபதி சிரிப்பார். நேராகக் கோயம்புத்தூர் செஷன்ஸ் கோர்ட்டிலேயே போடுங்கள், காலமும் மிச்சம். கையில் பணமில்லை என்றால் 15100க்கு அடித்து இலவச சட்ட உதவி கேட்கலாம். காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

மகள் எடுத்துக் கொடுத்த மனு. அதிலிருந்த மூன்று தீர்ப்புகளையும் சுப்ரீம் கோர்ட்டின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தேடியதில் இரண்டு எங்கேயும் இல்லை. மூன்றாவது இருக்கிறது, ஆனால் அது நில எடுப்பு வழக்கு, ஜாமீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. இது அபூர்வம் இல்லை. நியூயார்க்கில் 2023ல் இப்படி இல்லாத தீர்ப்புகளைக் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது; பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம், 2024 டிசம்பரில் தான் போட்ட உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இருந்ததால் பிறகு அதையே திரும்பப் பெற்றது. அந்தச் செயலி தேடிப் பார்த்துச் சொல்வதில்லை, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கோத்துக்கொண்டே போகிறது. வழக்குப் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கச்சிதமாக வரும், உள்ளே காற்று. மனுவை வக்கீலிடம் கொடுக்க வேண்டாம். தேதிவாரியாக நடந்ததை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள், அவருக்கு அதுதான் உபயோகம்.

அந்தச் செயலியில் மகள் என்னென்ன எழுதினாள் என்றும் கேளுங்கள். வக்கீலிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, செயலியிடம் பேசுவதற்கு இல்லை. "ஒருவேளை தம்பி அங்கே போயிருந்தால் என்ன ஆகும்" என்று சும்மா ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட, போன் கைப்பற்றப்பட்டால் அது வேறு மாதிரி வாசிக்கப்படும். இதற்காக இப்போது எதையும் அழித்துவிடவும் கூடாது, அது இன்னொரு வில்லங்கம். இனி அதில் எழுதாமல் இருந்தால் சரி.

2023 போட்டோ விஷயம். ராஜியான வழக்கு சட்டப்படி விடுதலைக்குச் சமம். குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், 2022, எடுத்த அளவுகளை 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் முன் தண்டனை இல்லாதவர் விடுதலையானால், கோர்ட் காரணம் எழுதி வேறு விதமாக உத்தரவிட்டிருந்தாலொழிய அவற்றை அழிக்கவேண்டும் என்றும் 4-ம் பிரிவில் இருக்கிறது. தானாக யாரும் அழிப்பதில்லை, கேட்டால்தான். ராஜி உத்தரவின் சான்றிட்ட நகலை பொள்ளாச்சி கோர்ட்டில் வாங்கி, தமிழ்நாட்டுக்கு நியமிக்கப்பட்ட நோடல் அதிகாரிக்கு மனு கொடுங்கள். ஆனால் இந்த வழக்கு முடிந்தபின். இப்போதே போட்டால் ஆதாரத்தை அழிக்கப் பார்க்கிறான் என்று பேச்சு வரும்.

கடைசியாக சித்தி. கேரளத்தில் 2025 நவம்பர் 1 முதல் விசாரணைக் கோர்ட்டுகளில் சாட்சியத்தைப் பதிவு செய்ய அதாலத் ஏ.ஐ. என்ற பேச்சு-எழுத்து மென்பொருளை ஹைகோர்ட் கட்டாயமாக்கியிருக்கிறது. அது எழுதுவதோடு சரி. தீர்ப்பிலோ நிவாரணத்திலோ ஏ.ஐ. தலையிடக் கூடாது என்று 2025 ஜூலையிலேயே கொள்கை வகுத்துவிட்டார்கள். கவனிக்க வேண்டியது நம் ஊர்ப் பேச்சு. சித்தி "கழுத்து வலிச்சது" என்றால் நமக்கு நோவு. மலையாளக் காதுக்கு வலிப்பது என்றால் இழுப்பது. அடிதடி வழக்கில் இழுத்தான் என்பதும் நொந்தது என்பதும் ஒன்றா? "வெள்ளம்" என்றால் தண்ணீரா, ஆற்றுப் பெருக்கா என்பதிலும் இதே தொல்லை. ஆரம்பத்திலேயே எனக்குத் தமிழ்தான் வரும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லட்டும். மெதுவாக, ஒரு வாக்கியம் முடித்து நிறுத்தி அடுத்தது. முடிந்ததும் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 313-ம் பிரிவு இடம் தருகிறது. தப்பாக இருந்தால் அங்கேயே சொல்லவேண்டும். நீதிபதி திருத்தாவிட்டாலும், சாட்சி இப்படி ஆட்சேபித்தார் என்ற குறிப்பு ஏட்டில் ஏறியாக வேண்டும். திரை முன்னால் இருந்தால் தலையாட்டிவிட்டு இறங்கிவிட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.